ஸ்டேட்டஸில் ஒரு கட்டைவிரல்

படத்தில் தூக்கி நிற்கிற அந்தக் கட்டைவிரல் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. அதைத்தான் கம்பெனி பஸ் கேட்டைத் தொடுவதற்குள் ஸ்டேட்டஸில் போடச் சொல்கிறார்கள். லோகு போனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான், எப்படிப் பிடித்தாலும் விரல் விரலாகவே இருந்தது. மேலே தங்கக் கலரில் பொன்னூற்று பம்ப்ஸ், கீழே எங்கள் கம்பெனி எங்கள் பெருமை, நடுவில் பூவரசன் அண்ணன். சந்தனமும் குங்குமமும் அப்பின, தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கம்பெனி கொடுத்த நீல டீ சர்ட்டில், வலது கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பல் தெரியச் சிரிக்கிறார். அந்த விரலையும் கூட இன்னும் இரண்டையும் அதே மெஷின்தான் போன மாசம் தின்றது. தின்றது என்று சொல்லக்கூடாது, மெஷின் என்ன மாடா, தகடு வைக்கிற இடத்தில் கை இருந்தது, மேலே இருந்து இறங்க வேண்டியது இறங்கியது, அவ்வளவுதான். எத்தனை தடவை அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாலும் அதோடு நிற்கமாட்டேன் என்கிறது. பஸ் சிங்காநல்லூர் சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் யாரோ சாப்பாட்டு டப்பாவை ஒழுங்காக மூடவில்லை, புளிக்குழம்பு வாசனை பஸ் முழுக்கச் சுற்றியது. லோகு படத்தை மூடினான். மூடினாலும் விரல் கண்ணுக்குள் நின்றது.

அந்தப் படத்தை எடுத்ததே அவன்தான். ஆயுத பூஜை அன்றைக்கு. மெஷின் எல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, தரை முழுக்கப் பொரி சிந்தி, காலில் நறநறவென்று மிதிபட்டுக்கொண்டிருந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உள்ளே போன் கொண்டுபோக விடுவார்கள், அதனால் ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். பூவரசன் அண்ணனுக்குப் படத்துக்கு நிற்கவே தெரியாது, ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். ‘மூஞ்சி உர்ருனு இருக்குதுங்ணா, கையையாவது தூக்குங்க’ என்றான் லோகு. ‘எந்தக் கைடா?’ ‘எந்தக் கையா இருந்தா என்னங்ணா, தூக்குங்க.’ அவர் வலதைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்து, ஓட்டுக் கேட்கிறவன் மாதிரி. ‘அய்ய, கட்டைவிரல் மட்டும்ங்ணா.’ அப்புறம்தான் இந்த விரல் வந்தது, அப்புறம்தான் சிரிப்பும் வந்தது. சொன்னதைச் செய்கிற மனுஷன். இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் படத்தில் இடது கை இருக்கும், வேறு என்ன ஆகியிருக்கும், விரல் மிஞ்சியா இருக்கும்? யோசனை பார், கழுதை. ஆனால் அந்த யோசனைதான் ஈ மாதிரி விரட்டின இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. அவனே எடுத்து, அவனே கம்பெனி குரூப்பில் போட்டு, நிவேதா மேடம் அதற்குக் கைதட்டுகிற பொம்மை எல்லாம் அனுப்பி, அன்றைக்கு அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெருமை. கீழே அதைத்தானே எழுதியிருக்கிறார்கள்.

நிவேதா மேடம் ஹெச்.ஆர். வந்த புதிதில் எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்து மைக் பிடித்துப் பேசினார். ‘வெளில பெரிய பெரிய கம்பெனியெல்லாம் நடிகரக் கூட்டிட்டு வந்து விளம்பரம் பண்றாங்க. நமக்கு நடிகர் வேண்டாம், நீங்க இருக்கீங்க. நீங்கதான் நம்ம பம்ப்போட முகம்.’ ‘ஓசில கெடைக்கிற முகம்னு சொல்லுங்க மேடம்’ என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்தார், சிரித்துவிட்டு மறுநாளிலிருந்தே சட்டம் வந்துவிட்டது. காலையில் கம்பெனி அனுப்புகிற படத்தை ஸ்டேட்டஸில் போட வேண்டும். கேட்டில் போனை வாங்கி வைக்கும்போது செக்யூரிட்டியிடம் அதைத் திறந்து காட்ட வேண்டும். காட்டினால்தான் உள்ளே போய்க் கைரேகை வைக்கலாம், வைத்தால்தான் அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. ‘இது கட்டாயம் இல்ல, உங்க அன்பு’ என்றுதான் மேடம் இன்றைக்கு வரைக்கும் சொல்கிறார். காட்டாதவனுக்கு ஓரமாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அன்பு வருகிறவரைக்கும் அங்கே உட்காரலாம். லோகுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடப் படித்தவன்கள் காலேஜ் பஸ்ஸில் நின்றுகொண்டு படம் போடும்போது இவன் மட்டும் ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் படம் போட்டால் எப்படி இருக்கும். பூவரசன் அண்ணன்தான் வழி காட்டினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி, இங்கே அமுக்கி அங்கே அமுக்கி, ‘பாரு, இதுல யாருக்கு டிக் போடறமோ அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனில அத்தன பேரும் இப்படித்தான் பண்றோம், ஆளுக்கு ஆள் நம்மளுக்குள்ளயே பாத்துக்குவோம். வெளிய ஒரு பய பாக்கறதில்ல.’ ‘அப்ப பம்ப்பு விக்காதுங்களே.’ ‘அது மேடத்துக்குத் தெரியாதில்ல. நீ யாருக்குப் போடற?’ ‘யாருக்கும் வேண்டாம்ங்ணா.’ ‘ஒருத்தர்கூடப் பாக்கலைன்னா சந்தேகம் வரும்டா. எனக்குப் போட்டு வை.’ அவர் பேருக்கு அவரே டிக் போட்டுக்கொண்டார். லோகு அதற்கப்புறம் வேறு யாரையும் சேர்க்கவில்லை, சோம்பேறித்தனம்தான். தினமும் காலையில் ஸ்டேட்டஸ் போடுவான், கண் படத்துக்குப் பக்கத்தில் 1 என்று வரும். அந்த ஒன்று அவர். உடனே ஒரு மெசேஜும் வரும், ‘ரெண்டு பம்ப்பு பார்சல்’ என்று, இல்லாவிட்டால் ‘சில்லறை இல்லீங்க, நாளைக்கு வாங்கிக்கறேன்’ என்று. முன்சீட்டில்தான் உட்கார்ந்திருப்பார், திரும்பிப் பார்க்காமல் தோள் மட்டும் குலுங்கும். பொன்னூற்று பம்ப்ஸின் அத்தனை பெருமையையும் லோகுவின் போனிலிருந்து பார்த்த ஒரே மனுஷன் பூவரசன் அண்ணன்தான். இன்றைக்குப் போட்டாலும் அவர் ஒருத்தர்தான் பார்ப்பார்.

அந்த மெஷினில் இப்போது லோகு நிற்கிறான். ரத்தத்தைக் கழுவிவிட்டு, போலீஸ்காரர் மாதிரி யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, சூப்பர்வைசர் குப்புராஜ் சார் அவன் தோளில் கை வைத்து, ‘நீதான் அவங்கூடவே நின்னு பழகிருக்க, நீயே பாத்துக்க கண்ணு’ என்றார். கண்ணு என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மெஷினில் இரண்டு பட்டன் இருக்கிறது, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்பாரம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்காது, மெஷின் செய்தவன் அப்படி யோசித்துச் செய்திருக்கிறான். ஆனால் அப்படிச் செய்தால் பீஸ் குறையும். அதனால் ஒரு பட்டனை ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டி எப்போதும் அமுங்கியே இருக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். ஒரு கை அமுக்கும், இன்னொரு கை தகட்டை எடுத்து வைக்கும், சீக்கிரம் சீக்கிரம். கட்டச் சொன்னது யார் என்று கேட்டால் யாரும் இல்லை, கட்டியிருந்தது, எல்லாருக்கும் தெரியும், குப்புராஜ் சாருக்கும் தெரியும். விரல் போன அன்றைக்கு ரப்பர் பேண்டும் போனது. சுவரில் பாதுகாப்பே முதன்மை என்று ஒரு போர்டு வந்தது. நேற்று சாயங்காலம் பார்த்தால் பேண்டு திரும்பி வந்திருக்கிறது, புதுசு, சிவப்புக் கலர். ‘ஆர்டர் நிக்குது கண்ணு, இந்த வாரம் மட்டும்’ என்றார் சார். இரவு லோகு தூங்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலைக்கு அடியில் வைத்தான், தொடைக்கு நடுவில் வைத்தான். இப்போதும் பஸ்ஸில் வலது கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் பொத்தி வைத்திருந்தான், வைத்திருக்கிறோம் என்று தெரியாமலே. குழந்தைகள்தான் அப்படி வைத்துக்கொள்ளும். எரிச்சலாக வந்தது, விரித்தான். விரித்தால் போன் ஞாபகம் வந்தது.

பக்கத்து சீட்டில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்ஷன் வேலாயுதம் அண்ணன். ஸ்டேட்டஸ் போட்டு முடித்த நிம்மதியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் மூடியபடியே கேட்டார். ‘போட்டாச்சா தம்பி?’ ‘இல்லீங்ணா.’ ‘நெட்டு இல்லையா, நான் வேணா தரட்டுமா?’ ‘படத்தப் பாத்தீங்களா?’ ‘பாத்தேன். பூவரசன் லட்சணமாத்தான் இருக்கான்.’ ‘கையப் பாத்தீங்களா?’ வேலாயுதம் அண்ணன் கண்ணைத் திறந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பேக்கரியும் அதன் முன்னால் டீ கிளாஸோடு நாலு பேரும். ‘பாத்தா போட முடியாது தம்பி. அதனால பாக்காமப் போட்டுட்டேன்.’ மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். லோகு எழுந்து நின்று மொத்த பஸ்ஸையும் பார்த்தான். சீட்டுக்குச் சீட்டு நீல வெளிச்சம், வெளிச்சத்துக்கு வெளிச்சம் அதே கட்டைவிரல். சிலர் கீழே வாசகம் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் இந்த வாரம் பெருமை வாரமாம், சும்மா படம் மட்டும் போதாதாம், மனதிலிருந்து இரண்டு வரி எழுத வேண்டுமாம். காலையில் படம் வந்ததுமே அவன் மேடத்துக்கு மெசேஜ் போட்டான், மேடம் அது பூவரசன் அண்ணா படம் என்று. மேடம் குரலிலேயே பதில் அனுப்பினார், பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ‘தெரியும் லோகநாதன். அவசரத்துக்கு இருக்கறதுல இதுதான் நல்லா வந்திருக்கு. இயற்கையா இருக்குனு ஓனர் சாரே சொல்லிட்டார். பூவரசனுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும், அவரும் நம்ம குடும்பம்தானே?’ கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நல்லவிதமாகப் பேசினார். அதை இரண்டு தடவை கேட்டான், எந்த இடத்தில் திட்டுவது என்று தெரியவில்லை.

ஒண்டிப்புதூர் வந்தது. பூவரசன் அண்ணன் ஏறுகிற இடம். டிரைவர் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்கினார், படிக்கட்டில் நின்றவன் பழக்கத்தில் நகர்ந்து வழி விட்டான், யாரும் ஏறவில்லை, ஏறமாட்டார்கள் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்த மாதிரி டிரைவர் கியரை மாற்றினார். தினமும் இது நடக்கிறது. இந்தச் சந்துக்குள் மூன்றாவது லைன் வீட்டில்தான் அவர் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை லோகு போனான். கை முழுக்கத் துணி சுற்றிப் பெரிய உருண்டையாக மடியில் வைத்திருந்தார், அது வேறு யாருடையதோ மாதிரியும் இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிற மாதிரியும். என்ன பேசுவது? ‘வலிக்குதுங்களாண்ணா?’ ‘இல்லாத எடத்துலதான்டா வலிக்குது. கட்டைவிரல் அரிக்குது, சொறியலாம்னு போனா ஆளக் காணோம்.’ சிரித்தார். லோகுவும் சிரித்துவிட்டான், சிரித்த பிறகு மூஞ்சியை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ‘இன்னொரு கூத்து கேளு, போனு தொறக்கவே முடியல. வலது கட்டைவிரல் ரேகைதான் வெச்சிருந்தேன், நம்பர் மறந்து போச்சு. கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சாத்தான் தொறக்கும்கறான். பாப்பா படமெல்லாம் அதுலதான் இருக்குது.’ அதனால்தான் அத்தனை நாளும் லோகுவின் ஸ்டேட்டஸில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் வராமல் இருந்தது. அவன் போட்டுக்கொண்டே இருந்தான், யாருமே பார்க்காத மோட்டார்களை. நேற்றுக் காலையில் திடீரென்று 1 வந்தது. அப்படியென்றால் அழித்துவிட்டார்கள். மகள் படம் எல்லாம் போய், போன் திறந்து, அதில் முதல் வேலையாக அவர் பார்த்தது இவன் போட்ட ஸ்டேட்டஸ். மெசேஜ் மட்டும் வரவில்லை, பம்ப்பு பார்சல் கேட்கவில்லை. இடது கையால் தட்டப் பழகவில்லையோ என்னவோ. இன்றைக்கும் பார்ப்பார். விரலைப் பார்ப்பார். லோகு அனுப்பின மாதிரி இருக்கும், இந்தாங்ணா உங்க விரல் என்று.

அவர் பேருக்குப் போட்ட டிக்கை எடுத்துவிட்டால்? எடுத்தான். வேலாயுதம் அண்ணனுக்கு வைத்தான். ஒரே நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம், மறைக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கே மறைத்தது தெரியாமலா போகும் என்று தோன்றியது. எல்லாருடையதும் வந்து இவனுடையது மட்டும் வராவிட்டால் அவருக்கு எல்லாம் புரியும், புரிந்துவிட்டு உருண்டைக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்ப அவருக்கே டிக் வைத்தான். எப்படியும் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் போட்டாயிற்று, அவர் பார்க்கப்போகிறார், அத்தனை விரலோடு இன்னொரு விரல், இவன் ஒருத்தன் போடாமல் விட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது. ஒன்றும் ஆகாது. அது நன்றாகத் தெரிந்தது. சரி போட்டுத் தொலைப்போம் என்று வரி எழுதப் போனான். ‘எங்கள் கம்பெனி’ என்று தட்டினான், நின்றது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், எனக்குப் பிடித்த இடம் என்று கட்டுரை கொடுத்தால் பிடித்த இடம் எதுவும் இல்லை ஐயா என்று எழுந்து சொல்லி அடி வாங்கினவன். பதினொன்றாவதைப் பாதியில் விட்டான். கேட்கிறவர்களிடம் வீட்டுக் கஷ்டம் என்று சொன்னால் பாவம் என்பார்கள், உண்மையில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காததைப் பிடித்திருக்கிறது என்று எழுதுகிற வேலை அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தான். ‘எங்கள் கம்பெனியில் இந்த விரல்’ என்று தட்டினான். அழித்தான். ‘இந்த அண்ணனுக்கு’ என்று தட்டினான். அழித்தான். சூலூர் குளம் வந்து போனது, தண்ணீர் வெள்ளையாக, ஒரு அசைவும் இல்லாமல். கேட் கிட்டத்தில் வந்துவிட்டது. 

அப்போதுதான் பூவரசன் அண்ணன் பெயருக்குப் பக்கத்துப் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தது. ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார். விரல் போனதிலிருந்து அவர் எதுவும் போடவில்லை. பாப்பா படமாக இருக்கும், ஏதாவது ஒன்று எங்கேயாவது தப்பிக் கிடைத்திருக்கும் என்று லோகு அவசரமாக அமுக்கினான். அதே படம். தங்கக் கலர் எழுத்து, சந்தனம் அப்பின மெஷின், நீல டீ சர்ட், கட்டைவிரல். கீழே அவர் எழுதியிருந்தார்: எங்கள் கம்பெனி எங்கள் குடும்பம், சீக்கிரம் வேலைக்கு வருவேன். லோகு திரும்பப் படித்தான். பக்கத்தில் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்களோ என்று பார்த்தான், ஸ்டேட்டஸில் அதெல்லாம் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து குரல் மெசேஜ் வந்தது. போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். ‘லோகு, போட்டுட்டியாடா? நேத்து மேடமும் குப்புராஜ் சாரும் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஆப்பிளெல்லாம் வாங்கிட்டு வந்து, பாப்பாவத் தூக்கி வெச்சுக் கொஞ்சிட்டுப் போனாங்க. கேட்டுல செக்யூரிட்டி வேல தர்றம்னு சொல்லிருக்காங்க, ஒத்தக் கையே போதும்னாங்க. இந்த வாரம் எல்லாரும் ஒத்துமையாப் போடணும், உன்ற செட்டு ஆளுகளுக்கு நீ சொல்லுனு சொன்னாங்க. எல்லாரும் போட்டாச்சு, உன்னது மட்டும் காணோம். நீ கோணங்கித்தனம் ஏதாச்சும் பண்ணிட்டு உக்காந்திருப்பேனு தெரியும். படத்த நெனச்சு மருகாத. எடுத்தவன் நீதான, நல்லாத்தான் எடுத்திருக்க. போட்டுரு சாமி.’ தூரத்தில் அவர் மகள் எதையோ கேட்டு அழுதது. ‘போட்டுருடா. பாத்துட்டே இருக்கறேன்.’

பஸ் நின்றது. முன்னால் இருந்தவர்கள் எழுந்து டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். லோகுவும் இறங்கினான், கால் தானாகவே நடந்தது. வரிசை நகர்ந்தது. ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள், செக்யூரிட்டி குனிந்து பார்த்தார், கட்டைவிரல், சரி, கட்டைவிரல், சரி, போன் மரப்பெட்டிக்குள் போனது, ஆள் உள்ளே போய்க் கைரேகை மெஷினில் விரலை வைத்தான், அது பீப் என்றது. செக்யூரிட்டிக்குப் போட்டிருக்கிற இந்த ஸ்டூலில்தான் பூவரசன் அண்ணன் உட்காரப்போகிறார், இவன் சும்மா இருந்தால் அதுவும் கெட்டுப்போகலாம். உங்க பேச்ச உங்க செட்டுப் பையனே கேக்கலையே என்று மேடம் அவரிடம் சிரித்துக்கொண்டே கேட்பார். எல்லாம் தெரிந்தது, வரிசையாக, தெளிவாகத் தெரிந்தது. வீரம் கீரம் ஒன்றும் இல்லை, அப்படி ஏதாவது நெஞ்சில் இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்த்தான், வயிற்றில் புளிக்குழம்பு வாசனை மட்டும்தான் இருந்தது. ‘ஏப்பா, போனக் காட்டு’ என்றார் செக்யூரிட்டி. லோகு காட்டினான். படம் திறந்திருந்தது, கீழே வரி எழுதுகிற இடம் காலி, மூலையில் அனுப்புகிற பச்சை அம்பு. ‘இன்னும் போடலையே. அத அமுக்கு, போவட்டும், பின்னால ஆள் நிக்குதில்ல.’ பின்னால் வேலாயுதம் அண்ணன் மெதுவாக அவன் முதுகில் கை வைத்தார். ‘அமுக்கிரு தம்பி.’ உள்ளே ஷெட்டில் யாரோ பவர் போட்டார்கள், பிரஸ்களின் ஃபிளைவீல் சக்கரங்கள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கிய சத்தம் தரை வழியாகச் செருப்புக்கு வந்தது. மேடம் சொல்லிவிட்டார், செக்யூரிட்டி சொல்லிவிட்டார், விரலுக்குச் சொந்தக்காரரே சொல்லிவிட்டார், ஒண்டிப்புதூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார். கட்டைவிரலை ஒரு தடவை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். லோகு அமுக்கவில்லை.